இன்னும் வீடு பார்க்கச் சொல்லவில்லை

கனடாவின் ஹாமில்டன் அணியில் யார் நிலைத்தவன், யார் வந்துபோகிறவன் என்று தெரிந்துகொள்ள ஒப்பந்தத்தைப் படித்துப் பிரயோஜனமில்லை. ஐஸ் ஹாக்கி ஒப்பந்தங்களை வக்கீல்கள் எழுதுகிறார்கள், வக்கீல்களே படித்துக்கொள்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்கு அளவுகோல் வேறு. வெளிநாட்டிலிருந்து வந்தவனை முதலில் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விடுதியில் கொண்டுபோய்ப் போடுவார்கள். முதல் மாதம் அணியின் செலவு, அதற்கப்புறம் அவனவன் பாடு. என்றைக்காவது ஒருநாள் மேனேஜர் லோர்ன் ஹாஸ்கெட் எதிரே வந்து, போகிற போக்கில், "வீடு பாத்துக்கோப்பா" என்பார். அந்த ஆட்டப் பருவம் முடியும்வரை அவன் இங்கேதான் என்று அதற்கு அர்த்தம். அவர் சொல்லாதவரை பெட்டியை முழுசாகப் பிரிக்கக்கூடாது.

சொல்லாமல் வீடு பிடித்தவன் கதையும் உண்டு. போன வருடம் ஒரு ஸ்வீடன்காரன் தானாகவே வாடகைக்கு வீடு எடுத்து, சாம்பல் நிறத்தில் ஒரு சோஃபாவும் வாங்கினான். சோஃபா வந்து இறங்கிய அன்றைக்கே அவனை சட்பரியில் இருக்கும் கீழணிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த சோஃபா இன்னும் அரங்கத்தின் சலவை அறையில் கிடக்கிறது. முழங்கால் உடைந்தவன்கூட அதில் உட்காருவதில்லை.

ஆர்த்து பெசோனன் வந்தது ஆகஸ்டில். ஃபின்லாந்தில், லாப்பன்ராந்தா என்ற ஏரிக்கரை ஊரின் அணியில் ஏழு வருடம் தற்காப்பு ஆடியவன். வயது இருபத்தொன்பது. மனைவி ஹில்லா அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். மகள் லூமிக்கு ஐந்து வயது. ஹாஸ்கெட் நேரில் வந்து இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணும் பண்ணல, ஆனா தப்பும் பண்ணல" என்று சொல்லி அவனை ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொண்டார். 'அணிக்கு ஆழம் சேர்க்க' என்று பத்திரிகையில் போட்டார்கள். ஆழம் என்பது வேறொன்றுமில்லை. களத்தில் இறங்கும் தற்காப்புக்காரர்கள் ஆறு பேர். அதில் ஒருவனுக்கு விலா எலும்பு போனால் இறங்குவதற்கு ஏழாவது ஆள் வேண்டும், ஏழாவதுக்குப் போனால் எட்டாவது. ஒவ்வொரு கோடையிலும் எல்லா அணிகளும் ஐரோப்பாவுக்குப் போய் இப்படி ஏழும் எட்டும் வாங்கி வருகின்றன. விலை மலிவு, ஆடவிடாமல் மேலே உட்காரவைத்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அந்த வருடத்து எட்டாவது ஆள், செக் நாட்டு ராதிம் ஹொவோர்கா. அவனும் அதே விடுதி, அதே மாடி. ராதிம் பேசிக்கொண்டே இருப்பான், ஆர்த்து கேட்டுக்கொண்டே இருப்பான். இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது. தினம் காலையில் விடுதியின் சாப்பாட்டு அறையில், தானே மாவு ஊற்றிச் சுட்டுக்கொள்ளும் வாஃபிள் இயந்திரத்தின் முன்னால் விசாரணை நடக்கும்.

"டேய் பெஸ்ஸி, ஏதாவது சொன்னாரா?"

பெசோனனை வந்த அன்றைக்கே பெஸ்ஸி ஆக்கிவிட்டார்கள். அவனை யாரும் கேட்கவில்லை.

"இல்ல."

"நேத்து அரங்கத்து லிஃப்ட்ல உன்கூடத்தானே வந்தாரு? ஆறு மாடி! ஆறு மாடிக்கும் என்னதான் பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல."

"அடப்பாவி! நானா இருந்தா மூணாவது மாடி தாண்டறதுக்குள்ள வீட்டுச் சாவியே வாங்கியிருப்பேன்."

"போன வாரம் நீயும் அவர்கூட லிஃப்ட்ல போனியே."

"போனேன். ரெண்டாவது மாடியிலயே இறங்கிட்டாரு."

"அவர் ஆபீஸ் ஆறாவது மாடி."

"தெரியும்டா. படி ஏறிப் போனாரு."

ஊரிலிருந்து ஹில்லா போன் செய்யும்போதும் இதே கேள்விதான். ஆகஸ்டில் விமான நிலையத்தில் பேசிவைத்தது அப்படி. அவர்கள் வீடு பார்க்கச் சொன்னால் ஹில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு லூமியோடு கிளம்பி வருவாள். சொல்லாவிட்டால், ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது, ஜனவரி முடிவதற்குள் கேட்டுக்கொண்டு அவனே ஊருக்குத் திரும்பிவிடலாம். எப்படியும் ஒரு வழி தெரிந்துவிடும் என்று இருவரும் நினைத்தார்கள்.

"சொன்னாரா?" என்பாள் ஹில்லா.

"இல்ல" என்பான் ஆர்த்து.

அதற்கப்புறம் லூமி வந்து, மழலையர் பள்ளியில் யார் யாரைக் கடித்தார்கள் என்று சொல்வாள்.

நவம்பரில் பனி விழுந்தது. விடுதிக்கு அடுத்தாற்போல ஒரு சின்ன செங்கல் வீடு. அதில் அமதேவு ஃபர்தாடோ என்ற போர்ச்சுகல்காரர் தனியாக இருந்தார். எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இடுப்பில் ஆபரேஷன் செய்துகொண்டு கம்பூன்றி நடப்பவர். வாசல் நடைபாதையில் பனியை அப்படியே விட்டால் நகராட்சி சும்மா இருக்காது. அவரால் குனிய முடியாது. ஆர்த்துவுக்கு இதெல்லாம் தெரியாது. காலையில் வெளியே வந்தான், பனி கிடந்தது. கிடக்கிற பனியைத் தாண்டிப் போக அவன் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. விடுதியில் பனி தள்ளும் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து தள்ளினான்.

ஜன்னல் திறந்தது. "யாருப்பா நீ? எவ்வளவு கேப்ப?"

"காசு வேண்டாம்."

"வேண்டாமா? அப்ப ஓரத்தையாவது ஒழுங்காத் தள்ளு. அடியில ரோஜாச் செடி இருக்கு. பூரா அது தலையிலயே கொட்டறியே!"

மறுநாளும் பனி, மறுநாளும் ஆர்த்து. சொந்தமாக ஒரு பலகை வாங்கி ஃபர்தாடோவின் வாசலிலேயே சாத்திவைத்துக்கொண்டான். கிழவர் நன்றி சொன்னதே கிடையாது. சீக்கிரம் வருகிறான், தூக்கம் கெடுகிறது என்பார். அடுத்த நாள் கொஞ்சம் தாமதமாகப் போனால், இந்த நேரத்துக்கா வருவது என்பார். ஆர்த்துவுக்கு அந்த அரைமணி நேரம் பிடித்திருந்தது. அந்த ஊரில் அவனுக்கென்று இருந்த ஒரே உருப்படியான வேலை அது.

ஹாஸ்கெட் அரங்கத்துக்குப் போகும் வழி அந்தத் தெருதான். பச்சை நிறச் சிறு லாரி ஒன்றை அவரே ஓட்டி வருவார். செங்கல் வீட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து ஒரு ஹாரன் அடிப்பார். ஆர்த்து பலகையை ஒருமுறை உயர்த்திக் காட்டுவான். லாப்பன்ராந்தாவில் இதற்கே நல்ல சிநேகம் என்று பெயர். ஆனால் அரங்கத்துக்குள் வந்துவிட்டால் ஹாஸ்கெட் அவனை ஏற இறங்கப் பார்ப்பார், ஏதோ சொல்ல வருவார், பிறகு சொல்லாமல் போய்விடுவார். கோச் அவனைப் பெரும்பாலும் களத்தில் இறக்கவில்லை. ஆட்டம் நடக்கும்போது கோட்டும் டையும் கட்டிக்கொண்டு, மேலே பத்திரிகைக்காரர்கள் வரிசையில் ராதிம் பக்கத்தில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றான். அவன் என்ன தப்பு செய்தான் என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவுமில்லை.

டிசம்பரில், காயம்பட்டிருந்த பழைய ஆள் ஒருவன் குணமாகித் திரும்பினான். ஒருவனைக் குறைக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் ராதிமை மேலே கூப்பிட்டார்கள். இறங்கி வந்தவன் முதல்முறையாக ஒன்றும் பேசாமல் காலணி நாடாவை அவிழ்த்தான்.

"சட்பரி" என்றான் ராதிம் கடைசியில். "பொண்டாட்டிகிட்ட என்ன சொல்ல? ஸ்தெங்கா ஜனவரிக்கு டிக்கெட் எடுத்துட்டா. கைக்குழந்தைக்குக் குளிர் உடுப்பெல்லாம் வாங்கிட்டா. எப்படியும் சொல்லிடுவாருன்னு நான்தான் உளறி வெச்சேன்."

ஆர்த்து தலையசைத்தான்.

"உன்னை விட்டுட்டு என்னை ஏன்டா அனுப்பறாங்க? நான் உன்னைவிட நல்லா ஆடறேனா இல்லையா? உண்மையச் சொல்லு."

ஆர்த்து யோசித்துப் பார்த்தான். "ஆடற."

"பாரு, நீயே சொல்ற." ராதிம் அவனைக் கட்டிக்கொண்டு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "போய்க் கேளுடா அவர்கிட்ட. வாயத் திறந்தா பல்லு கொட்டிடாது. உனக்குக் கொட்டறதுக்குப் பெருசா மிச்சமும் இல்ல."

அவன் பெட்டி கட்ட அதிக நேரம் ஆகவில்லை. பிரித்தால்தானே கட்டுவதற்கு.

ஜனவரியில் அடுத்தடுத்து இருவருக்கு அடிபட்டது. ஆர்த்து இறங்கினான். நன்றாகவே ஆடினான். ஒருநாள் எதிரணி பலமாக அடித்த ரப்பர் வட்டை விலாவில் வாங்கித் தடுத்தான். பெஞ்சுக்கு வந்தபோது கோச் தோளில் தட்டினார். சக ஆட்டக்காரர்கள் பாராட்டாக ஹாக்கிக் குச்சியால் தரையில் தட்டினார்கள். தட்டாமல் இருந்தது ஹாஸ்கெட் ஒருவர்தான். அவர் காலையில் ஹாரன் அடித்தார், அதோடு சரி.

மாதத்தின் கடைசி வாரம் ஹில்லா போன் செய்தாள்.

"நாளன்னிக்கு லீவு லெட்டர் குடுத்தாகணும், ஆர்த்து. அதுக்கு மேல வாங்கிக்க மாட்டாங்க."

"தெரியும்."

"இங்க உன் பழைய கோச்சும் பேசினாரு. நீ திரும்பி வர்றதா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியணுமாம்."

"சரி."

"அவர் சொன்னாரா?"

"இல்ல."

"நீ கேட்டியா?"

ஆர்த்து ஜன்னல் வழியே ஃபர்தாடோவின் கூரையைப் பார்த்தான். "கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டு வாங்கினா அது சொன்ன மாதிரி ஆகாது."

"லூமி உன் போட்டோவுக்குப் பேனாவால பல்லு போட்டிருக்கா" என்றாள் ஹில்லா. "முன்னாடி நல்லாத்தான் இருந்தே, இப்ப பாக்க முயல் மாதிரி இருக்க. நாளைக்குப் போய்க் கேளு." வைத்துவிட்டாள்.

கேட்டு வாங்குவது, கேட்காமல் வருவது என்று அவன் சொன்னதெல்லாம் சால்ஜாப்பு. அவனுக்கு பயம். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார் என்ற பயம். கேட்காதவரை, நாளைக்குச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு தூங்கலாம். ஆறு மாதமாக அப்படித்தான் தூங்கினான்.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் ஆறாவது மாடிக்குப் போனான். ஹாஸ்கெட் மேஜைமேல் காகிதம் விரித்து முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாப்பா பெஸ்ஸி. நானே கூப்பிடணும்னு இருந்தேன். இந்த மாசம் நல்லா ஆடின. இனிமே பருவம் முடியற வரைக்கும் நீ இங்கதான். சந்தோஷமா?"

"சந்தோஷம்" என்றான் ஆர்த்து. முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது. அடுத்து அந்த வார்த்தை வரும் என்று நின்றான்.

ஹாஸ்கெட் சாண்ட்விச்சுக்குத் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார். "இன்னும் என்ன?"

"வீடு" என்றான் ஆர்த்து.

"வீட்டுக்கு என்ன? ஹீட்டர் கோளாறா? அந்தப் பக்கத்து வீடெல்லாம் பழசுப்பா."

"எந்த வீடு?"

"உன் வீடுதான், வேற எந்த வீடு! அந்தச் செங்கல் வீடு. தினம் பாக்கறேனே, வாசல்ல பனி தள்ளிட்டு நிக்கற." ஹாஸ்கெட் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "இப்ப சொல்றதுக்கு என்ன. முதல்ல பாத்தப்ப எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. நான் சொல்லவேயில்ல, இவன்பாட்டுக்கு வீட்டப் பிடிச்சு உக்காந்துட்டானே, என்ன திமிருன்னு. கொஞ்ச நாள் மேலயே உக்காரட்டும்னு கோச்சுகிட்ட சொன்னதே நான்தான். அப்புறம் தினம் பாக்கப் பாக்க எனக்கே பிடிச்சுப்போச்சு. தன்மேல அவ்வளவு நம்பிக்கை இருக்கறவன் வேணும்ப்பா அணிக்கு."

அந்த நகரத்திலேயே தன்மேல் நம்பிக்கை குறைந்த மனிதன் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான்.

"டிசம்பர்ல ஒருத்தன் போகணும்னு வந்துது" என்று தொடர்ந்தார் ஹாஸ்கெட். "கோச் உன்னைத்தான் அனுப்பச் சொன்னாரு. அந்த செக் பையன் உன்னைவிட ஒரு படி மேலன்னாரு. நான்தான் கேக்கல. அவனுக்கென்ன, ஹோட்டல் ரூம், ஒரு பெட்டி. உனக்கு வீடு, வாசல், பொண்டாட்டி, புள்ள. குழந்தை இந்நேரம் ஸ்கூல்ல சேந்திருக்கும். குடும்பத்தோட காலிபண்ணுன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

ஆர்த்து சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது அவனுக்குக் கைவந்த கலை. அன்று மாலையே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தால் விஷயம் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஹில்லா விடுப்பு எழுதிக் கொடுப்பாள், லூமி வருவாள். அவன் ஆறு மாதமாக எதற்காக ஏங்கினானோ அது மேஜைமேல், முட்டை சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எடுத்துக்கொள்ளவும் ஆசையாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் காலணி நாடாவை அவிழ்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்த ராதிம் கண்முன் வந்து நின்றான்.

"அது ஃபர்தாடோ வீடு" என்றான்.

"யாரு?"

"இடுப்பு ஆபரேஷன் பண்ணவரு. நான் ஹோட்டல்லதான் இருக்கேன். ராதிம் ரூமுக்கு எதிர் ரூம்."

ஹாஸ்கெட் அவனையே பார்த்தார். "அப்புறம் ஏன்யா அவர் வாசல்ல தள்ளின?"

"பனி இருந்துது."

"உன் பொண்டாட்டி?"

"ஊர்ல."

"புள்ள?"

"ஊர்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"தினம் ஹாரன் அடிச்சேனேய்யா!"

"நானும் பலகையத் தூக்கினேனே."

ஹாஸ்கெட் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் யாரோ ஒருவன் கார் கண்ணாடியில் உறைந்திருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்தப் பையனுக்கு நான் அநியாயம் பண்ணிட்டேன்" என்றார்.

"ஆமா" என்றான் ஆர்த்து.

இல்லை என்று சொல்வான் என அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். முகம் சுருங்கியது. "சரி. சனிக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் நீ சட்பரி போ. அவனை மேல கூப்பிட்டுக்கறேன். இல்ல, ஊருக்கே திரும்பறதுன்னா வெள்ளிக்குள்ள சொல்லு, கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்."

"சரி."

கதவைத் திறந்தபோது அவர் மறுபடியும் கூப்பிட்டார். "பெஸ்ஸி. நீ சும்மா இருந்திருக்கலாமேய்யா."

"ஆமா" என்றான் ஆர்த்து.

ஆறாவது மாடி நடைவழியில், சுவரோரமாக நின்றுகொண்டே ஹில்லாவுக்குப் போன் செய்தான். அங்கே சாயங்காலம். சாப்பாட்டுத் தட்டு சத்தம் கேட்டது. செங்கல் வீடு, ஹாரன், ராதிம், சட்பரி என்று எல்லாவற்றையும் சொன்னான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஹில்லா குறுக்கே பேசவில்லை. முடித்தபின், "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வாயத் திறந்த" என்றாள். "திறந்து இதையா சொன்ன?"

"ஆமா."

அவள் சிரித்தாள். அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி. சொன்னது நல்லதுதான். இனிமே என்ன? ஊருக்கு வர்றியா?"

"வரலாம். நீ என்ன சொல்ற?"

"நான் என்ன சொல்றது? ஆறு மாசமா ஹாஸ்கெட் என்ன சொன்னாரு, ஹாஸ்கெட் என்ன சொன்னாருன்னே கேட்டுட்டு இருக்கேன். அந்த மனுஷன் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல." தட்டு சத்தம் நின்றுவிட்டது. "சொன்னாரா, சொன்னாரான்னு உன்கிட்ட கேட்டேனே, அவர் சொல்றதுக்காகவா கேட்டேன்? என்னிக்காவது நீ சொல்லுவேன்னு கேட்டேன், ஆர்த்து."

அவனுக்கு முகம் சூடாகிவிட்டது. ஹாஸ்கெட் முன்னால் நின்றபோதுகூட இப்படி வெட்கமாக இருக்கவில்லை. ஒரு வார்த்தைக்காக ஹாஸ்கெட்டின் வாயைப் பார்த்துக்கொண்டு இவன் நின்ற அத்தனை நாளும், ஹில்லா இவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சட்பரியிலயும் ஹோட்டல்தான் குடுப்பாங்க" என்றான். "எத்தனை நாளைக்குன்னு தெரியாது. அங்கேருந்தும் அனுப்பிடலாம்."

"அதை நான் கேக்கல."

நடைவழியின் கோடியில் லிஃப்ட் வந்து திறந்தது. யாரும் இறங்கவில்லை. அது மூடிக்கொண்டது.

"வா" என்றான் ஆர்த்து. "ரெண்டு பேரும் வாங்க. நீங்க இல்லாம எனக்கு முடியல."

போனை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தள்ளி, அடுத்த அறையைப் பார்த்து, ஹில்லாவின் குரல் கேட்டது.

"லூமி, அப்பா கூப்பிட்டுட்டாரு."